லேத்தில் தைக்காத சட்டை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், காஜா பெராங் ஊரின் ரேஷன் அரிசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

“நேத்து ஜப்பான் சோல்ஜர் ஒருத்தன் என் லேத்துல கிழிஞ்ச சட்டையத் தைக்கச் சொன்னாண்ணே,” என்றார் இளையவர்.

“இரும்பு கடையிற மிஷின்லயா?”

“வீடு வீடா மிஷின் தூக்குறானுங்கன்னு, உளியெல்லாம் கழட்டி மரவள்ளிக் கெழங்குக்கு அடியில போட்டுட்டு, லேத்து மேல சேலைய விரிச்சு வச்சிருந்தேன். கீழ மிதிகட்டையப் பாத்துட்டுத் தையல் மிஷின்னு நெனச்சிட்டான்.”

“மோட்டார் வச்சத வாங்குன்னு நாந்தான் உன்கிட்டத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“நல்லவேளை, உங்க பேச்சக் கேக்கல.”

“சட்டை?”

“மிஷின் கெட்டுப்போச்சுன்னேன். சம்சாரம் கையாலயே கிழிசலத் தச்சுக் குடுத்துச்சு.”

“சும்மாவா போனான்?”

“போறப்ப அரைகுறை மலாய்ல ஒண்ணு சொன்னான். நல்ல லேத்துக்காரனாப் பாத்து ரிப்பேர் பண்ணிக்கணுமாம்.”