படிக்காமல் வைத்த பச்சைப் புள்ளி

காலை எட்டு மணி நாற்பத்தாறு நிமிஷம். பெயிண்ட் ஃபேக்டரியில நான் வேலை பார்க்குற ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து காவலாளி அண்ணன் சொன்னார்: "தம்பி, ஆஸ்பத்திரியிலேர்ந்து சேதி. உங்க வீட்டம்மா போயிட்டாங்கப்பா."

அந்த நிமிஷத்தோட நின்னுபோன ஒருத்தன் பேசுறேன். அவைக்குத் தலைமை ஏற்றிருக்கிற பல் மருத்துவர் அம்மா அவர்களே, இந்தக் குடியிருப்பைக் கட்டிக் காக்குற பெரியோர்களே, பிள்ளைகளை மடியில வச்சிருக்கிற தாய்மார்களே, முதல் வரிசையில தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கிற, என் மனைவியைப் பெத்த அத்தையே, எல்லாரையும் வணங்குறேன்.

"பற்பசையில என்ன இருக்கு?" இந்தப் பல் பாதுகாப்புக் கூட்டத்துல எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான். சொல்றேன். அழுக்கைத் தேய்க்கச் சுண்ணாம்புக்கல் தூள். நுரைக்க சோப்பு மாதிரி ஒண்ணு. காயாம இருக்க கிளிசரின். சொத்தை விழாம இருக்க ஃப்ளூரைடு. மணக்கப் புதினா எண்ணெய். அந்தச் சுண்ணாம்புத் தூள் எங்க பெயிண்ட்லயும் உண்டு. இதைச் சொன்னா என் மனைவி கேட்பா: "அப்போ ஊர்ச் சுவருக்கெல்லாம் நீங்கதான் பல்லு தேய்ச்சு விடுறீங்களா?"

சிரிங்க, தப்பில்ல. சிரிக்கத்தான் சொன்னா.

அவளுக்குப் பால் ஆகாது. ஆகாதுன்னா வயித்து வலி இல்லீங்க, ஒரு துளி பட்டாலே தொண்டை அடைச்சு மூச்சு திணறும். அதனால எங்க வீட்டுல ஒரு பழக்கம். பிஸ்கட்டோ, ரொட்டியோ, மாத்திரையோ, உறையில இருக்கிற பொடி எழுத்தை நான் படிப்பேன். பால் இல்லேன்னா பச்சை மையால ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இல்லாததை அவ தொடவே மாட்டா.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள், பல் கூசுதுன்னு சொன்னா. புது பேஸ்ட் வாங்கிட்டு வந்தேன். "படிச்சீங்களா?"ன்னு கேட்டா. "பேஸ்ட்டுல எவனாவது பால் ஊத்துவானா? வேதியியல் படிச்சவன்கிட்டயேவா?"ன்னு சொல்லிக்கிட்டே புள்ளி வச்சேன். படிக்கல.

மறுநாள் ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். அதுக்கப்புறம்தான் அவ பல் தேய்ச்சா. மூச்சு திணறி விழுந்தவளைப் பக்கத்து வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க.

என்ன இருந்தது அதுல? பல்லைக் கெட்டிப்படுத்த, பாலிலிருந்து எடுத்த புரதம். மறைச்சாங்களா? மறைக்கல. பின்பக்கம், மூணாவது வரியில அச்சடிச்சிருந்தாங்க. எழுத்து தெரியாதவனா நான்? கண்ணு தெரியாதவனா நான்? படிச்ச திமிரு, படிக்க விடலீங்க!

பின்னாலேர்ந்து ஒரு ஐயா "விதிப்பா"ங்கறார். இல்லீங்க ஐயா. விதி மேல பழி போட்டுட்டு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கவா?

அத்தை, ரெண்டு மாசமா "கம்பெனிக்காரன் கொன்னுட்டான்"னு அழறீங்க. நான் வாயைத் திறக்கல. "என் பொண்ணைப் பூ மாதிரி பார்த்துக்கிட்டீங்க மாப்பிள்ளை"ன்னு சோறு போட்டீங்க. அந்தச் சோறு எனக்கு இறங்கல அத்தை. சபையறியச் சொல்றேன், படிக்காம புள்ளி வச்சவன் நான்தான்.

எழுந்துட்டீங்களா... போங்க அத்தை. தடுக்க மாட்டேன். தாய்மார்களே, அவங்களுக்குக் கொஞ்சம் வழி விடுங்க.

மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பளபளன்னு பல்லு வேணும்னு பசை வாங்குறோம். பெட்டியில இருக்கிற படத்தைப் பார்க்குறோம். பக்கத்துல இருக்கிற பொடி எழுத்தைப் பார்க்குறோமா? பாருங்க! புரியலேன்னா கேளுங்க! தெரியாதுன்னு சொல்ற வீட்டுல உயிர் தங்கும்!

பொறுமையா கேட்ட காதுகளுக்கு நன்றி. எல்லாருக்கும் என் கும்பிடு. ஆறுதல் சொல்லக் கூப்பிடாதீங்க. "உன் மேல தப்பில்ல"ன்னு சொல்ற உரிமை இப்போ எழுந்து போனாங்களே, அவங்க ஒருத்தருக்குத்தான், அதுவும் நேர்ல வந்து. வேற யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான், போனை அணைச்சுட்டேன்.