எதிர்ப்பக்கமும் அதே சத்தம்

"பெட்டியக் கீழ போடு மச்சான்! ஓடியா! வெரசா!"

பவுன்ராசு கத்துகிறான். நான் போடவில்லை. தோளில் வட்டப் பெட்டி. உள்ளே குண்டுகள் கோத்த நாடா. என் தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கனம். கீழே பனி. பனிக்குக் கீழே சேறு. தலைக்கு மேலே ட்ரோன். தூரத்தில் யாரோ மெஷின் வைத்து மரம் அறுப்பதுபோல அதன் சத்தம்.

எதிரிலிருந்து கேட்கிறது. டுக். டுக். டுக்.

பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதிதான் கொடுமை. குண்டு ஆகாயத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

படார். படார். படார்.

எங்களிடம் இருந்ததும் அதே துப்பாக்கிதான். அதனால் அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம்.

எந்த நாடு, எதிரே எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்கிறார் வக்கீல். வழக்கு நடக்கிறது. எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவன். விடிகாலையில் போடியில் ஆள் ஏற்றுவேன். வளைவு வளைவாக மேலே போவேன். எஸ்டேட்டில் இறக்குவேன். பவுன்ராசு என் தங்கை ஜோதியின் புருசன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்த்தான். ஒரு கோடையில் வெயில் செடியைக் கருக்கியது. சரிவெல்லாம் பழுப்பு. காய் இல்லை. ஸ்டோர் பூட்டினார்கள். ஜீப்புக்கு ஆள் இல்லை.

அப்போதுதான் ஏஜென்ட் வந்தான். வெளிநாட்டில், ராணுவ கேன்டீனில் சமையல் உதவி, குடோன் வேலை என்றான். ஜோதி பிடிவாதமாக நின்றாள்.

"தெரியாத ஊருண்ணே. பாஷை தெரியாது. இங்கனயே ஏதாச்சும் சோலி பாருங்க."

"நானுந்தான கூடப் போறேன்," என்றேன். அவள் உள்ளே போய் அவன் பையை எடுத்து வைத்தாள்.

இறங்கிய ஊரில் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டோம். போனை வாங்கிக்கொண்டார்கள். பச்சை உடுப்புக் கொடுத்தார்கள். சமையலறையைக் கடைசிவரை நாங்கள் பார்க்கவில்லை.

பயிற்சியில் ஜோஸ் இருந்தான். மலைக்கு அந்தப்பக்கத்து மலையாளி. அந்த நாட்டில் ஏற்கெனவே ஹோட்டலில் வேலை பார்த்தவன். பயிற்சியாளர் சொல்வதை ஜோஸ் மலையாளத்தில் சொல்வான். எல்லை தாண்டி ஜீப்பு ஓட்டியதால் எனக்கு மலையாளம் தெரியும். நான் பவுன்ராசுவுக்குத் தமிழில் சொல்வேன்.

இது தானாகக் குண்டு வீசும் துப்பாக்கி என்றார் பயிற்சியாளர். மூன்று கால். பக்கவாட்டில் வட்டப் பெட்டி. மெஷின்கன் தோட்டா விடுவதுபோல இது சின்னச் சின்ன வெடிகுண்டுகளை வரிசையாக விடும். தோட்டா நேராகப் போகிறது. மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் படுத்தவன் தப்பித்துவிடுகிறான். அவன் தப்பக் கூடாது. அதற்காகவே யோசித்துச் செய்தார்களாம். குண்டு மேலே எழும்பி, வளைந்து, பள்ளத்துக்குள் விழும். முதலில் செய்தது கனம். பிறகு ஒரே ஆள் தூக்கும்படி இலேசாக ஒன்று செய்தார்கள். எங்களுக்கு வந்தது பழைய கனமான துப்பாக்கி. பவுன்ராசு துப்பாக்கியைச் சுமந்தான். ஜோஸ் கால்களை. நான் பெட்டிகளை.

சுடுகிறவர் அந்த நாட்டுக்காரர். நரைத்த மீசை. எங்களுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுப்பார். ஒரு மத்தியானம் ட்ரோன் ஒன்று அவர் மேல் விழுந்து வெடித்தது. அதிகாரி பவுன்ராசுவின் சட்டையைப் பிடித்துத் துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார வைத்தார். இரண்டு கைப்பிடி. நடுவில் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். அமுக்கினான்.

"எங்க விழுகுதுன்னே தெரியல மச்சான்."

சில நாளில் தெரிந்தது. எதிர்ப்பக்கத்துக் குழியை எங்கள் ஆட்கள் பிடித்தார்கள். துப்பாக்கியை அங்கே கொண்டுபோகச் சொன்னார்கள். போனோம். குழிக்குள் ஆட்கள் கிடந்தார்கள். பெரிய காயம் இல்லை. உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பொத்தல். ஒருத்தன் கையில் கரண்டி. சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மூலையில் ஒரு துப்பாக்கி கவிழ்ந்து கிடந்தது. அதே மூன்று கால். அதே வட்டப் பெட்டி. ஜோஸ் குனிந்து முத்திரையைத் துடைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே ஃபாக்டரி, சேட்டா."

பவுன்ராசு அன்று சாப்பிடவில்லை. கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டான். அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். துணியை அவிழ்க்கவில்லை. அதோடுதான் சுட்டான்.

அப்புறம், முதலில் சொன்ன அந்தக் காலை. நாங்கள் சுட்டோம். புகை எழும்பியது. புகையை ட்ரோன் பார்த்தது. இடம் மாற ஓடினோம். டுக் டுக் டுக். அமைதி. முதல் வரிசை வெடித்ததில் ஜோஸ் விழுந்தான். முகம் இல்லை. இரண்டாவது வரிசையில் என் இடது காது கேட்காமல் போனது. அதற்குப் பிறகு எல்லாமே தண்ணீருக்குள் கேட்பதுபோல.

பவுன்ராசு உட்கார்ந்திருக்கிறான். வயிற்றைப் பிடித்திருக்கிறான். விரல் இடுக்கில் ரத்தம். அதிகாரி எதையோ கத்துகிறார். கையால் காட்டுகிறார். துப்பாக்கியைத் தூக்கச் சொல்கிறார். நான் பவுன்ராசுவைத் தூக்கினேன். அதிகாரி தன் கைத்துப்பாக்கியை என் பக்கம் திருப்பவில்லை. ஏனென்று இன்றும் தெரியாது.

மரங்களுக்குப் பின்னால் காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி. உள்ளே ஆள் மேல் ஆள். அவனை மேலே ஏற்றினேன். எனக்கு இடமில்லை.

"மச்சான். ஜோதிகிட்ட சமையல் வேலைன்னே சொல்லு."

நெஞ்சு ஏறி இறங்கியது. பார்த்தேன். கதவு மூடினார்கள்.

திரும்பி நடக்கும்போது என் காலிலும் குண்டுச் சில்லு பாய்ந்தது. வேறு வண்டி. வேறு ஆஸ்பத்திரி. படுக்கை படுக்கையாகக் கேட்டேன். அவன் பேரை எழுதிக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. என்னை ஊருக்கு அனுப்பினார்கள்.

போடி பஸ் ஸ்டாண்டில் ஜோதி நின்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். பஸ்சு காலியாகும்வரை பார்த்தாள்.

"அவரு எங்கண்ணே?"

சமையல் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வண்டில ஏத்தும்போது மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு ஆத்தா."

"அப்பப் போட்டோவுக்கு மால போட மாட்டேன்."

போடவில்லை. அலுவலகம் அலுவலகமாக அவளோடு போகிறேன். என் ஜீப்பில்தான் போகிறோம். தம்பி ஒருத்தன் ஓட்டுகிறான். எனக்கு ஹாரன் சரியாகக் கேட்பதில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். உடல் இல்லை. இறந்ததாக அந்த நாடு சொல்லவில்லை. பிடித்து வைத்திருப்பதாக எதிர்நாடும் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்தவர் நீங்கள்தானே, எப்படி இருந்தார் என்கிறார்கள். மூச்சு இருந்தது என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள். காணவில்லை என்கிற ஃபைலில் வைக்கிறார்கள். ஏஜென்ட்டையும் காணவில்லை.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நரைத்த மீசைக்காரர். கடைசிவரை பேர் தெரியாது. ஜோஸ். அவன் அம்மாவுக்கு மூடிய பெட்டி வந்தது. திறக்க விடவில்லை. கரண்டி பிடித்தவனும் அவனோடு குழியில் கிடந்தவர்களும். நான் சுமந்த குண்டு அவர்கள் மேல் விழுந்தது. என் இடது காது. வலது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி.

பவுன்ராசு. அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருந்ததற்குச் சாட்சி நான் ஒருத்தன். செத்ததற்குச் சாட்சி யாருமில்லை.