முதுகு காட்டும் சூரியகாந்தி

— நான் சண்டைக்கு வரல, ரதின்கா. உன் வயல்ல நிக்கற சூரியகாந்தியைக் கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் திரும்பச் சொல்லு. அவ்வளவுதான்.

— எல்லாத்தையுமா அத்தான்?

— ஓரத்துல நாலு வரிசை போதும். எல்லாத்தையும் கேக்க எனக்கு உரிமை இல்ல.

— முதல்ல உள்ள வாங்க. காப்பி பொங்குது. இத்தனை வருஷமா இந்த வாசப்படி ஏறாத மனுஷன் வந்து ஒண்ணு கேக்கறார். முடியாதுன்னு எப்படிச் சொல்றது.

— கிண்டல் பண்ணாத. உன் அக்கா படுத்த படுக்கையா கிடக்கறா. அவ கட்டிலுக்கு எதிர்ல ஜன்னல், ஜன்னலுக்கு எதிர்ல உன் வயல். வயல் முழுக்க முதுகு. ஒரு பூவாவது அவ முகத்தைப் பாக்கணுமே.

— பூத்த சூரியகாந்தி கிழக்கதான் பாக்கும். உங்க வீடு வயலுக்கு மேற்க இருக்கு. அதை அங்க கட்டினது உங்க தாத்தா. அவரைத்தான் கேக்கணும்.

— போன மாசம் மொட்டா இருந்தப்ப தினம் சாயங்காலம் எங்க ஜன்னலைப் பாத்துத்தான் நின்னுது. நானே பாத்தேன். மஞ்சளா ஆனதும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இது யாரோட குணம்னு எனக்குத் தெரியாதா.

— சரி, அந்தக் குத்தை வாங்கிக்கிட்டேன். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. மொட்டா இருக்கறப்ப தண்டு இளசு. வெயில் படற பக்கத்தை விட நிழல் பக்கம் வேகமா வளரும். அதனால தலை வெயில் போற பக்கமெல்லாம் சாஞ்சுக்கிட்டே போகும். ராத்திரியோட மறுபடி கிழக்க வந்துரும்.

— பூத்ததுக்கு அப்புறம்?

— தண்டு முத்திரும். காலை வெயிலைப் பாத்து ஒரே நிலையா நின்னுரும். பூ சீக்கிரம் சூடாகும், தேனீ நிறைய வரும். அதுக்கு அது போதும்.

— வயசானா கழுத்து திரும்பாதுங்கற.

— நம்ம குடும்பத்துக்கு அது புதுசா என்ன.

— துணியா இருந்தா உள்பக்கத்தை வெளிப்பக்கமா மாத்தித் தச்சிருவேன்.

— அதையும்தான் பண்ணிப் பாத்தீங்களே.

— எதை?

— மேற்கு ஓரத்துல கொஞ்சம் பூ கழுத்து ஒடிஞ்சு தொங்குது. மான்தான் போலிருக்குன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொண்ணையும் திருப்பி வெச்சு நீல நாடாவால கட்டியிருக்கு. மான் அவ்வளவு சுத்தமா முடிச்சு போடாது. இந்த ஊர்ல தையக்காரர்னா திகோமிர் அத்தான் ஒருத்தர்தான்.

— மெதுவாத்தான் திருப்பினேன். தப்புதான். கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

— அவர் என்ன சொன்னார்?

— உன்கிட்ட போகச் சொன்னார்.

— ம். சக்கரை போடட்டுமா?

— கொஞ்சமா. உனக்குச் சக்கரையில கை நிக்காது.

— ஆரம்பிச்சிட்டீங்களா. அம்மா செத்த நாப்பதாம் நாள், கோயில்ல படைக்க நான் வேகவெச்ச கோதுமையில சக்கரை கூடிப்போச்சுன்னு அக்கா கோயில் வாசல்ல வெச்சுச் சொன்னா. பாதிரியார் கையில கரண்டியோட நிக்கறார். அன்னியோட அவகிட்ட நான் பேச்சை விட்டேன். அவ என் வயல் கண்ணுல படக்கூடாதுன்னு ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொன்னா. அடிச்சது யாரு?

— நான்தான். எனக்கு ஆணி அடிக்கத்தான் தெரியும், சமாதானம் பண்ணத் தெரியாது. இந்த ஈஸ்டர் முடிஞ்சதும் அவளே பலகையை எடுக்கச் சொன்னா. எடுத்துட்டேன்.

— இப்ப எப்படி இருக்கா?

— நோவி சாத் நகரத்துலேர்ந்து டாக்டர் வந்தார். இன்னும் ரெண்டு வாரத்துல வர எலியா திருநாளைத் தாண்டுவாளான்னு சொல்ல முடியாதாம். ஒரு வாரமா சூப்பைக் கூடத் தொடல. ஜன்னலையே பாத்துக்கிட்டு கிடக்கறா.

— கட்டிலோட இங்க தூக்கிட்டு வந்துருங்க அத்தான். இந்தச் சமையக்கட்டு ஜன்னலைப் பாருங்க. அத்தனை பூவும் உள்ள எட்டிப் பாக்குது. காலையில பல் தேய்க்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.

— அவளை அசைக்கக் கூடாதாம்.

— அப்ப நாலு வரிசையையும் வெட்டிடறேன். வாளித் தண்ணியில நிறுத்தி அவ ஜன்னலைப் பாத்து வெச்சா மூணு நாள் தாங்கும். வாடினா அடுத்த நாலு வரிசை. எண்ணெய் குறையும், குறையட்டும். பூதானே கேக்கறா.

— அவ பூ கேக்கல.

— நீங்கதானே இப்ப…

— பூன்னு சொன்னது நான். நேரா கேக்க எனக்கு வாய் வரல. அவ பூவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ரதின்கா.

— பின்ன எதைப் பாத்துக்கிட்டு கிடக்கறா?

— பலகை எடுத்ததிலேர்ந்து தினம் சாயங்காலம் நீ அந்த ஓரத்து வரிசைங்களுக்கு நடுவுல களை கொத்த வருவே. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் கொத்துவே.

— மேற்க பாத்தா சாயங்கால வெயில் கண்ணைக் குத்தும்.

— நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன். பரவாயில்ல, குனிஞ்சா அம்மா முதுகு மாதிரியே இருக்குன்னா. அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு கரண்டி குடிப்பா. இப்ப செடி ஆள் உசரம் வந்துருச்சு. நீ வரியா இல்லையான்னே தெரியல. அதுலேர்ந்துதான் வாயைத் திறக்க மாட்டேங்கறா.

— வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இப்பவுமா? பூத்த வயல்ல ஏது களை?

— அந்த ஓரத்துல எப்பவுமே களை கிடையாது அத்தான். நீங்க பலகையைப் பிடுங்கின அன்னிலேர்ந்து வெறும் மண்ணைத்தான் கொத்திக்கிட்டிருக்கேன்.