ஐந்தாவது மன்னிப்புக் கடிதமும் தேறவில்லை

படம் ஓடும்போது பாப்கார்ன் தின்கிறவர்களை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. மற்றபடி நான் நியாயமானவள் என்றுதான் என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என்னைத் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்.

பட நிறுவனத்தார் நீங்கள் ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். இணையத்தில் கசிந்த அந்தத் திரைக்கதைப் பக்கத்தின் போட்டோவில், அடியில் இரண்டு விரற்கடை ஏன் வெட்டப்பட்டிருக்கிறது என்பது உங்கள் கேள்வி. உங்கள் பழைய எழுத்தாளர் பியோ சே-ரினின் மேசையைக் காலி செய்தபோது மூலப் பக்கம் கிடைத்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு விரற்கடையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நானே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நான் கெட்டவள் மாதிரித் தெரியும். அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா புசானில் மீன்கேக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். நான் படித்தது இலக்கியம். அம்மா இன்றுவரை அக்கம்பக்கத்தில் அதை நர்சிங் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். யாருக்காவது ஜுரம் வந்தால் என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.

'நீரடி நகரம்' வரிசையின் முதல் படத்தை ஏழு வயதில் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம், ஒன்பது படம். ஒவ்வொன்றிலும் கேப்டன் தோ தன் ஓட்டைக் கப்பலில் போய்க் கடலுக்கு அடியில் ஒரு நகரத்தைக் கண்டுபிடிப்பார். ஒன்பது படத்திலும் சேர்த்து எழுபத்து மூன்று முறை மூழ்கி எழுபத்து மூன்று முறை மேலே வந்திருக்கிறார். எண்ணியது நான்தான். என் பட்டப்படிப்பை வைத்து நான் செய்த ஒரே ஆராய்ச்சி அது.

எங்கள் இணைய ரசிகர் மன்றத்தில் பதினோராயிரம் பேர். நேரில் கூடுவது மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், பன்றிக்கறி சூப்புக் கடையில், ஆறேழு பேர். அங்கேதான் சே-ரின் எனக்குப் பழக்கம். என்னைவிட மூன்று வயது சின்னவள். அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். அவள் அப்பா பல் டாக்டர். இதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எங்களுக்குள் எப்போதும் ஒரே சண்டைதான். அடுத்த படம் எந்தப் பக்கம் போக வேண்டும்?

"கேப்டனைக் கொன்னாங்கன்னா எங்க வீட்டு டிவியை உடைச்சிடுவேன்," என்பார் மேங் அண்ணன். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர். கடைசிக் காட்சி வரும்போதெல்லாம் எழுந்து நிற்பவர்.

"உங்க டிவி, உங்க இஷ்டம்ணே," என்பாள் சே-ரின். "அறுபத்தஞ்சு வயசுல அந்தாளு இன்னும் மூச்சடக்கிட்டு சுறாவோட மல்லுக்கட்டுறாரு. எங்கப்பாவுக்கு மாடிப்படி ஏறினாலே இரைக்குது."

"அதுக்குத்தான்டி படம் பாக்குறதே. உங்கப்பாவைப் பாக்கணும்னா உங்க வீட்டுக்கே வந்துட மாட்டேனா?"

ஒரு சனிக்கிழமை நான் வாயைத் திறந்தேன். "அவர் சாகவும் வேண்டாம், மேல வரவும் வேண்டாம். ஆக்சிஜன் குழாயைக் கழட்டிக் கூட வந்த பொண்ணுகிட்ட குடுத்துட்டு அங்கயே உக்காந்துக்கட்டும். ஊர் ஊராத் தேடிக் குடுத்தவருக்குன்னு ஒரு ஊர் வேணாமா?"

மேங் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுக்கு அவரைச் சுட்டே கொன்னுடலாம்மா. நீ எல்லாம் படிச்ச பொண்ணா?"

சே-ரினின் சூப்பு ஆறி மேலே கொழுப்புப் படிந்ததை நான் கவனித்தேன்.

அடுத்த வருஷம் உங்கள் நிறுவனம் பத்தாவது படத்துக்குப் புதிய எழுத்தாளர்களைத் தேடிப் போட்டி வைத்தது. இருவரும் அனுப்பினோம். எழுத்துக் குழுவில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அது அவளுக்குக் கிடைத்தது. எனக்கு நிராகரிப்புக் கடிதம்கூட வரவில்லை. இரண்டு மாதம் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டிவரை தேடினேன். பல் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒன்று கிடைத்தது.

வேலையில் சேர்ந்ததும் சே-ரின் மன்றத்தை விட்டு விலகினாள். உங்கள் ஒப்பந்தம் அப்படி. அதே மாதம் மன்றத்தின் பழைய நிர்வாகி வெளிநாடு போகவே பொறுப்பு என்னிடம் வந்தது. நிர்வாகியின் பெயர் எப்போதும் 'நங்கூரம்'. அந்தப் பெயருக்குப் பின்னால் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலான நாட்களில் நினைக்கிறேன்.

மார்ச் மாதம் சே-ரின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். பத்தாவது படத்தின் கடைசிக் காட்சி. பின்னாலேயே போன் வந்தது.

"அக்கா, யாருக்கும் காட்டிடாத. நீ சரின்னு சொன்னாதான் டைரக்டர்கிட்ட குடுப்பேன்."

கேப்டன் தோ ஆக்சிஜன் குழாயைக் கழற்றிக் கூட வந்த பெண்ணிடம் கொடுக்கிறார். ஒரு கல் படியில் உட்காருகிறார். குமிழிகள் குறைகின்றன. நான் சூப்புக் கடையில் சொன்னது. நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

"நல்லா இருக்குடி," என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது அதை நங்கூரம் பெயரில் மன்றத்தில் போட்டுவிட்டேன். அடியில் கொஞ்சம் வெட்டினேன். மேலே எழுத்தாளர் பெயர் இருந்தது. அதை வெட்டவில்லை. ஆபீசில் யாரோ மேசையிலிருந்து எடுத்து நங்கூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே சே-ரின் நம்பினாள், நான் திருத்தவில்லை.

மன்றம் பற்றி எரிந்தது. எரிகிற மன்றத்தை ஒழுங்குபடுத்துவது நிர்வாகியின் கடமை. நான் ஒழுங்குபடுத்தினேன். மின்பலகை வைத்த லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, 'கேப்டனை மூழ்கடிக்காதே' என்று ஓடவிட்டு, சியோலில் உங்கள் கட்டடத்தைச் சுற்றிவரச் செய்தோம். பன்னிரண்டு மணிக்கு லாரி ஓட்டுநர் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, ஆளில்லாத கட்டடத்தையே சுத்திக்கிட்டிருக்கேன். ஆமா, யாரு இந்தக் கேப்டன்? கப்பல் விபத்துங்களா? பாவம், பிள்ளைகுட்டி இருக்கா?"

"இருக்கு, ஒரு பொண்ணு," என்றேன். ஏழாவது படத்தில் வருகிறாள்.

இரண்டாம் நாளே உங்கள் ஆட்கள் சே-ரினைக் கூப்பிட்டு, ரசிகர்கள் சமாதானமானால் அவள் நாற்காலி நிற்கும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரசிகர்களைச் சமாதானம் செய்ய எங்கள் ஊரில் இருப்பது ஒரே வழிதான். கையால் எழுதிய மன்னிப்புக் கடிதம்.

இதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. வேறொரு விவகாரத்தின்போது 'சரியான மன்னிப்புக் கடிதத்துக்குப் பதினோரு விதிகள்' என்று எழுதி மன்றத்தின் உச்சியில் ஒட்டியவளே நான். 'யாராவது புண்பட்டிருந்தால்' என்று எழுதக் கூடாது. 'தவறான புரிதல்' என்ற சொல் வரக் கூடாது. பிறர்மேல் பழி போடக் கூடாது. அது விதி எண் ஏழு. நடிகர்களின் ரசிகர் மன்றங்கள்கூட அதை எடுத்துப் பயன்படுத்தின. என் எழுத்து அச்சேறாவிட்டாலும் பரவலாக வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

சே-ரின் அழுதுகொண்டு கூப்பிட்டாள். "அக்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். எழுதிக் குடேன்."

எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துத் தன் கையால் எழுதி அனுப்பினாள். நங்கூரம் அதைப் படித்து, சிவப்பில் கோடு போட்டு, மூன்றாம் பத்தியில் உண்மையான வருத்தம் தெரியவில்லை என்று திருப்பியது. அந்தப் பத்திக்காக நான் அரை நாள் உழைத்திருந்தேன். விமர்சனம் எனக்கே கொஞ்சம் வலித்தது. ஆனால் நியாயமான விமர்சனம்.

இரண்டாவதை இன்னும் நன்றாக எழுதிக் கொடுத்தேன். மிகையாக இருந்தது, திருப்பினேன். மூன்றாவது வறட்சி. நான்காவது என் எழுத்திலேயே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அதைத் திருப்பக் காரணம் தேட நிறைய நேரம் ஆனது. கடைசியில் தேதி போடும் இடத்தில் ஒரு குறை கிடைத்தது.

அந்த மாதச் சூப்புக் கடையில் மேங் அண்ணன் சாப்பிடவே இல்லை. "எனக்கும் அந்த சீன் பிடிக்கல. அதுக்காக ஒரு சின்னப் பொண்ணை இப்படியா? யாரும்மா அந்த நங்கூரம்? வேலைவெட்டி இல்லாத ஜென்மம்."

"அதானேண்ணே," என்றேன். வேலைவெட்டி இல்லாதது உண்மைதான்.

ஐந்தாவது கடிதத்தை சே-ரின் என்னிடம் கேட்காமல் தானே எழுதினாள். நான்கே வரி. அந்தக் காட்சியை நேசித்து எழுதினேன், அதற்காக மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை, உங்களைப் பயமுறுத்தியதற்காகக் கேட்கிறேன் என்றாள். கடைசி வரி: 'இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்கிறீர்கள், அதைச் சொல்லமாட்டேன், எழுதியது நான், பொறுப்பு என்னுடையது.'

அனுப்புவதற்கு முன்னால் போனில் சொன்னாள். "உன் பேரைச் சொன்னா உன்னையும் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கக்கா. சொல்லமாட்டேன். பயப்படாத."

"தேங்க்ஸ்டி," என்றேன்.

மன்றத்தில் அன்று ஒரு மணி நேரம் அமைதி. மேங் அண்ணன் கைதட்டும் படம் போட்டார். இருநூறு பேர் அவர் பின்னால் போட்டார்கள். நாற்காலி நின்றுவிடும் போலிருந்தது. நங்கூரம் சிவப்பு மையை எடுத்து, வேறு யாருக்கோ தோன்றிய யோசனை என்று மறைமுகமாகப் பிறர்மேல் பழி போடுகிறது, விதி எண் ஏழு, ஏற்க இயலாது என்று எழுதியது.

வெள்ளிக்கிழமை நீங்கள் அவள் ஒப்பந்தத்தை ரத்து செய்தீர்கள். அதற்கடுத்த வாரம், ரசிகர்களின் குரலுக்கு மதிப்பளித்து மன்ற நிர்வாகியை எழுத்துக் குழுவின் ஆலோசகராக அழைத்தீர்கள். வந்தேன். இந்த விளக்கத்தை அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உயரம் சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பத்தாவது படத்தின் கடைசிக் காட்சியில் கேப்டன் இப்போது கல் படியில் உட்காருகிறார். குமிழிகள் குறைகின்றன. நங்கூரம் மன்றத்தில் ஒப்புதல் தந்ததும் பதினோராயிரம் பேரும் அழுதுகொண்டே ஒப்புதல் தந்தார்கள். மேங் அண்ணன் மட்டும் மன்றத்தை விட்டுப் போய்விட்டார்.

சே-ரின் அப்பாவின் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். போன வாரம் பேசினேன், இந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல். "இனிமே எதுவும் எழுதுறதில்லக்கா. வர்றவங்க பேரைக்கூட அவங்களையே எழுதச் சொல்லிடுறேன். பேனாவை எடுத்தா யாரோ சிவப்புல கோடு போடுற மாதிரி இருக்கு. சரி, நீ சாப்பிட்டியா?"

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டிய இரண்டு விரற்கடையில் அவள் கையெழுத்தில் இருந்தது இது: 'யோசனை தாக் யே-வொன் அக்காவுடையது. திரைக்கதை என்று போடும் இடத்தில் அவர் பெயர் முதலில் வர வேண்டும். இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம்.'

பார்த்தேன். அனுப்பிய அன்றே பார்த்தேன். சே-ரின் என்னிடமிருந்து திருடியிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். திருட்டுக் கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஆனால் எனக்கு வர வேண்டியதை அந்தப் பெண் கொடுத்து, நான் வாங்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் கத்தரித்தேன். பக்கத்தைக் கசியவிட்டது நான். அவளை விரட்டியது நான். லாரியும் சிவப்பு மையும் நான்.

இதையெல்லாம் நான் பகையோடு செய்யவில்லை என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று நானே பரிந்துரைக்கப் போகிறேன். எனக்கு உதவியாளராக. ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு அவள் ஆறாவதாக ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும், அதை நான் எழுதி முடித்துவிட்டேன், இந்த முறை ஒரு குறையும் இல்லை.