நூறடிக்கு எத்தன கம்பு

...திரும்பவும் சாய்ச்சிட்டான்மா என் தபால் பெட்டிய! வா வா, உள்ள வா, கதவச் சாத்து, வராண்டாக் குளிரு எலும்புல ஏறுது. அந்த நாற்காலி வேணாம், அதுல என் பூட்ஸ் காயுது. இதுல உக்காரு. ஆங்... எங்க விட்டேன்? தபால் பெட்டி. மூணு வருசமா இதே கூத்து. மொதப் பனி விழுந்தா போதும், அந்த டிரைவர் டுபே பனி தள்ற வண்டிய எடுத்துக்கிட்டு வருவான், ரோட்ட விட்டுட்டு என் பெட்டி மேல ஏத்துவான். தெருவுல இத்தன வீடு இருக்கு, வேற எவன் பெட்டியாவது விழுதா? விழல. இந்தத் தடவ நான் விடல. ரோடு ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டேன், ஒண்ணு இவனுக்குக் கண்ணாடி மாட்டுங்க, இல்ல வீட்டுக்கு அனுப்புங்கன்னு.

நான் என்ன கம்பு நடலயா? ஊர்ல எல்லாரும் மாதிரி நானும் ஆரஞ்சு கலர் கம்பா வாங்கி பாதையோரம் வரிசையா நட்டு வெச்சிருக்கேன், பனி மூடினாலும் பாதை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியட்டும்னு. அதுவும் மத்தவங்க மாதிரி குத்துமதிப்பா நடல. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு நட்டேன்.

என்னது கையில பேப்பரு? ஓ... கிளாஸ விட்டு விலகறியா. இன்னிக்குக் கடைசி நாள் இல்ல? நாலு மணிக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸச் சாத்திடுவாங்க. குடு குடு, என் கையெழுத்துதானே, போட்டுடலாம். நான் யாரையும் புடிச்சு வெக்கிற ஆளு இல்லம்மா. ...என்ன? இல்ல இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்கே புரியுது. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனே, 'ஜோலீன், உனக்கும் ப்ரோகிராமுக்கும் ஒத்து வராது'ன்னு, அது மனசுல தங்கிருச்சு. தங்கட்டும். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

இந்தப் பேனா வேற எழுத மாட்டேங்குது. இரு, ட்ராயர்ல இன்னொண்ணு கிடக்கும்... இந்த மொத வருசப் புள்ளைங்களுக்கு ப்ரோகிராம் சொல்லிக் குடுக்கறதுக்கு மாடு மேய்க்கலாம். மாடாவது கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். போன வாரம் ஒருத்தன, ப்ரோகிராம அனுப்புடான்னா, கம்ப்யூட்டர் திரைய போன்ல படம் புடிச்சு அனுப்பறான். பாதிப் படத்துல அவன் கட்ட வெரலு, மீதியில செவுத்துல மாட்டின மான் தலை. நான் எதத் திருத்தட்டும், மானையா? இன்னொருத்தன் எழுதினது நிக்கவே நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். ஏன்டா இப்பிடின்னா, 'பரவால்ல சார், வேட்டைக்குப் போயி குடிசையில உக்காந்திருந்தப்ப லேப்டாப் சூட்டுல கை காஞ்சேன்'ங்கறான். மான் சீசன் ஆரம்பிச்ச அன்னிக்கு கிளாஸ்ல யாரு இருந்தா? நான் இருந்தேன். ஆங், நீயும் இருந்த, அந்த மூலையில. சரி, அத விடு.

அப்பறம் மெயிலு. 'ஹே லெஹ்டோ, கம்ப்யூட்டருக்கு என்னப் புடிக்கல.' அதுக்கு ஏன்டா உன்னப் புடிக்கணும், நீ என்ன அதக் கட்டிக்கவா போற? ஒரு புள்ளிய விட்டிருப்பான், பழி கம்ப்யூட்டர் மேல.

இதுங்க எழுதறத எல்லாம் உக்காந்து படிச்சா மனுசன் புத்தி பேதலிச்சுப் போயிடுவான்மா. அதுக்குத்தான் திருத்தற மெஷின் செஞ்சேன். வெளிய வாங்கினது இல்ல, ஒரு லீவு பூரா உக்காந்து நானே எழுதினது. உங்க ப்ரோகிராம் என்ன விடை சொல்லுது, நான் என்ன விடை எழுதி வெச்சிருக்கேன், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கும். ஒத்துப் போனா பச்ச, இல்லன்னா செவப்பு. தீந்துது கதை. அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. இந்தக் கணக்குப் பாடம் எடுக்கற வெர்னா இல்ல, அவங்க ஒரு நாள் கேக்கறாங்க, 'லெஹ்டோ, உங்க விடைய யாரு திருத்தறா?'ன்னு. வயித்தெரிச்சல்! அவங்க இன்னும் செவப்புப் பேனாவோட மாரடிக்கறாங்கல்ல.

...சொல்றேன், சொல்றேன், உன் விசயத்துக்குத்தான் வர்றேன். கேள்வி என்ன? வீட்டுல இருந்து ரோடு வரைக்கும் நூறடிப் பாதை. பத்தடிக்கு ஒரு கம்பு. மொத்தம் எத்தன கம்பு வாங்கணும்? அவ்வளவுதான். நம்ம ஊர்ல கறி அடைச்சுச் சுடற பேஸ்டிக்கு கெச்சப் ஊத்தறதா கிரேவி ஊத்தறதான்னு அண்ணன் தம்பியே பேச்ச விட்டிருக்கான். ஆனா கம்பு நடறதுல சண்ட உண்டா? நூறப் பத்தால வகுத்தா பத்து. கிளாஸ் பூரா பச்ச வாங்கிருச்சு. மொதல்ல நெறைய பேருக்குச் செவப்பு வந்துச்சுதான், இல்லங்கல. ஆனா அவங்க என்ன பண்ணாங்க? இங்க ஒண்ணக் கூட்டி, அங்க ஒண்ணக் கழிச்சு, திரும்பத் திரும்ப அனுப்பி, பச்ச வர்ற வரைக்கும் விடல. அதுக்குப் பேரு விடாமுயற்சி.

நீ என்ன பண்ண? பதினொண்ணுன்ன. செவப்பு வந்துச்சு. மறுபடியும் பதினொண்ணு. மறுபடியும் செவப்பு. ப்ரோகிராமுக்கு நடுவுல குறிப்பு எழுதுங்கன்னு எதுக்குச் சொல்லித் தர்றேன்? படிக்கறவனுக்குப் புரியட்டும்னு. நீ அதுல என்ன எழுதி வெச்சிருக்க? 'என் கணக்கு சரி. தயவுசெஞ்சு மெஷினப் பாருங்க.' ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அதுல போச்சு உன் மார்க்கு. இனி என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பாஸ் மார்க் தேறாது. ஃபெயிலுன்னு பேரு வாங்கறதுக்கு விலகிப் போறது எவ்வளவோ மேலு.

ஆ, எழுதுது பேனா. லெ... ஹ்டோ. தேதியும் போட்டாச்சு. புடி.

இரு, எந்திரிக்காத. இன்னும் நேரம் கிடக்கு. எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ. லெஹ்டோ காரணம் சொல்லாம சைபர் போட்டான்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது. போர்டப் பாரு. இது என் வீட்டுப் பாதை. இதுவும் நூறடிதான், இத வெச்சுதான் கேள்வியே எழுதினேன். என் ப்ரோகிராம ஓட்டினேன், பத்துன்னுச்சு. பத்தே பத்து வாங்கினேன், பத்தையும் நட்டேன், ஒண்ணு மிச்சமில்ல. மிச்சம் இருந்தாதானம்மா கணக்குத் தப்பு?

இதோ. கார் ஷெட் மூலையில ஒண்ணு. பத்தாவது அடியில ரெண்டு. இருபதுல மூணு. முப்பதுல நாலு... நீயும் எண்ணு, வாயத் தொறந்து எண்ணு... எழுபதுல எட்டு. எம்பதுல ஒம்போது. தொண்ணூறுல பத்து. கம்பு தீந்துச்சா? பாதையும்...

பாதை...

பாதை தீரலயே.

இன்னும் பத்தடி கிடக்கு. அதத் தாண்டி ரோடு. ரோட்டோரத்துல... ரோட்டோரத்துலதான் தபால் பெட்டி.

...அங்க கம்பே இல்லம்மா. டுபேக்கு எப்பிடித் தெரியும், பாவம்? பனியில அது பெட்டியா பாறையான்னு அவன் என்ன கனவா கண்டான்?

நீ சிரிக்காத. ...சிரிக்கலயா? சரி.

இரு இரு, இதுக்கு ஒரு வழி இருக்கு. பாதை வட்டமா இருந்தா? போன பாதையே சுத்திக்கிட்டு வந்து சேந்தா? அப்ப மொதக் கம்புதானே கடைசிக் கம்பு! பத்துதான் சரி! நேர்ப் பாதைன்னு நான் எங்கயாவது எழுதினேனா? காட்டு பாப்போம்... என்ன, கேள்வியிலயே இருக்கா? 'வீட்டுல இருந்து ரோடு வரைக்கும்.' ஆமா. இருக்கு. நான்தான் எழுதியிருக்கேன்.

அப்ப... மொதல்ல செவப்பு வாங்கினாங்களே, அவங்க எல்லாம் பதினொண்ணுதான் போட்டிருக்காங்க. சரியாத்தான் போட்டிருக்காங்கம்மா. நான் செவப்பக் காட்டிக் காட்டி, அவங்க கையாலயே அந்த ஒண்ண அழிக்க வெச்சிருக்கேன். அதப் போயி விடாமுயற்சின்னு வேற... நீ ஒருத்திதான் அழிக்கல. உன்னப் போயி அத்தன பேரு முன்னாடி... வெக்கமா இருக்கும்மா எனக்கு. நெசமா வெக்கமா இருக்கு.

அந்தப் பேப்பரக் குடு, கிழிச்சுடலாம். ஏன் பின்னால மறைக்கற? மார்க்க இப்பவே மாத்திடறேன், அதுல என்ன இருக்கு, மெஷின் நம்ம மெஷின். இதோ தொறந்துட்டேன். பத்த அழிச்சு பதினொண்ணு... அடிச்சாச்சு. வந்துருச்சு பாரு, ஜோலீன், பச்ச! முழு மார்க்கு! மத்தவங்க... அடக் கடவுளே, மத்தது எல்லாம் வரிசையா செவப்பாயிட்டு வருது. மெயிலு வேற கொட்ட ஆரம்பிச்சிருச்சு. போகட்டும், அத அப்பறம் பாத்துக்கலாம். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணும்மா. இது வெர்னா காதுக்குப் போக வேணாம். டீனுக்கு நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். உனக்கு வேணும்னா அடுத்த செமஸ்டர்ல எனக்கு அசிஸ்டென்ட்டா வந்துடு, கேள்வி எல்லாம் நீ பாத்துட்டுத்தான் வெளிய போகும். என்ன சொல்ற? இப்ப நீ பேசு, நான் கேக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்... ஜோலீன்?

எங்க போயிட்டா? கதவு தொறந்து கிடக்கு... ஜோலீன்! நில்லும்மா! ரிஜிஸ்திரார் ஆபீஸ் பக்கம் போகாத! அவங்க வாங்கிக்கிட்டா திருப்பித் தர மாட்டாங்கம்மா! கிளாஸ்லயே பாஸ் ஆனவ நீ ஒருத்திதான், நில்லு!

...போயிட்டா. கையெழுத்து வேற போட்டுக் குடுத்திருக்கேன், முத்து முத்தா.

டேய், நீ யாருடா வாசல்ல நின்னுக்கிட்டு போனத் தூக்கித் தூக்கிக் காட்டற? காலையில பச்சயா இருந்துச்சு, இப்பச் செவப்பாயிருச்சா? நீ எத்தன கம்புன்ன? பத்தா?

நானும் பத்துதான்டா. உள்ள வா, உக்காரு.