காளைக்குப் போட்ட கவுறு

— நாலு மாட்டையுமா கவுறு அவுத்து வுட்ட? உனுக்கு இன்னா பைத்தியமா சோனியா? அந்தாண்ட ஜிஎன்டி ரோடு, லாரிங்க பறக்குது!

— கத்தாதண்ணா. காலைல அவுத்துட்டு நாஷ்டா துன்ன ஊட்டுக்கு போனேன். வந்து பாத்தா ஒண்ணத்தையும் காணோம். அதான் உனுக்கு போன் அடிச்சேன்.

— கம்பி மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் கண்ண மூடுனேன். போன வருஷம் கன்னுக்குட்டிய கன்டெய்னர் லாரி அடிச்சு போட்டானே, மறந்துட்டியா? அதுக்கப்புறம்தான கழுத்தையும் முன்காலையும் சேத்து கவுறு போட்டேன்?

— பசுவுக்கு போட்ட, சரி. காளைக்கும் எதுக்குண்ணா?

— ஏன், காளை ரோட்டுக்கு ஓடாதா?

— நேத்து பாத்தேண்ணா. கறுப்பி காளைக்கு கத்திக்கினு நிக்குது. இது ஏறப் பாக்குது, கவுறு கால தூக்க வுடல. தொப்புன்னு வுழுந்துச்சு. முட்டியெல்லாம் தோல் பேந்து ரத்தம். நீ கவுறு போட்டதுலேந்து எதுனா ஒண்ணு சினை புடிச்சுதா, சொல்லு? நீ இன்னாடான்னா மூணு பசுவும் மலடு, அப்பாவு லாரில கறிக்கு ஏத்தறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிற.

— கறிக்குத்தான வளக்குறோம்?

— கன்ன வளத்து கறிக்கு குடு, யாரு வேணான்றா? கன்னு போடறதையே குடுத்துட்டா அப்பால இன்னாத்த வளப்ப, உன் மில்லு கம்பியையா? ஏ மயிலே! செவலே! பா... பா...

— ஏய், அதுங்கள கூவாத. காளையும் கறுப்பியும் எங்கன்னு பாரு மொதல்ல.

— ஏன், அதுங்க ரெண்டும் நம்முளுது இல்லியா? ஏரியாண்ட பாத்தியா?

— பேஜாரு பண்ணாத சோனியா. கம்பெனி காம்பவுண்டு பின்னாடி போய் பாக்கலாம், நட.

— அண்ணா! ரோட்டாண்ட கும்பலா நிக்கிறாங்க. ஏசப்பா... மயிலையா இருக்குமாண்ணா? நான்தான அவுத்தேன்... என்னாலதான்...

— அது மயிலை இல்லடி. ஷேர் ஆட்டோ பஞ்சரு, நல்லா பாரு. அழுவாத.

— எப்படிண்ணா பதறாம இருக்க நீ?

— உஸ்! வேலிகாத்தான் பின்னாடி பாரு. கொம்பு தெரியுது.

— காளைதாண்ணா! கறுப்பியும் நிக்குது! கிட்ட போவாத, மிரண்டுடும்... ஏறிடுச்சு! ஏறிடுச்சுண்ணா! கறுப்பி எப்படி அசையாம நிக்குது பாரு!

— உம்.

— இன்னா உம்மு? எதுண்ணா மலடு? நீ போட்ட கவுறு பண்ண வேல! வா, மயிலையையும் செவலையையும் தேடி இட்டாந்து இதோட வுடலாம். இன்னிக்கே... அண்ணா? ஏன் மூஞ்சி இப்படி போவுது? யாருக்கு போன் போடற?

— அப்பாவு அண்ணே! லாரி எங்க போய்க்கினு இருக்குது? ஓரங்கட்டுண்ணே, ஓரங்கட்டு! காலைல நான் ஏத்தி வுட்டேனே ரெண்டு மாடு, அதுங்க மலடு இல்லண்ணே!