ஐஸ் ரூம் தாளம்

டீ கிளாஸை அந்தப் பெட்டி மேல் வைக்காதீர்கள் மேடம். பட்டன்களுக்குள் ஈரம் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு தடவை அமுக்கினால் மூன்று அடி விழும். இப்படி ஓரமாக வையுங்கள். ஆறிப்போவதற்குள் குடித்தும் விடுங்கள். நான் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த ஏட்டய்யா பெட்டியைப் பார்த்துவிட்டு, என் பாட்டை யாரோ திருடிவிட்டதாகப் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. என் பெயர் பாரி. காசிமேட்டுப் பக்கம் கல்யாணப் பாட்டுக்கும் திருவிழாப் பாட்டுக்கும் தாளம் போட்டுக் கொடுக்கிறவன். போன வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் ரூமுக்குள் மாட்டிக்கொண்டு இறந்துபோனாரே எத்திராஜ், அவரைப் பற்றிப் பேச வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு டிரம் மெஷின் என்று பெயர். வரிசையாக இருக்கிற பதினாறு பட்டனும் பதினாறு இடம். எந்த இடத்தில் எந்த அடி விழ வேண்டும் என்று அமுக்கி வைத்துவிட்டால் விளக்கு ஒவ்வொன்றாக ஓடும், கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்துகிற வரைக்கும் அதே அடி, அதே பலம். பாரிமுனையில் தப்ரேஸ் கடையில் பழசாக வாங்கியது. பெட்டியோடு வருகிற சத்தங்களைத்தான் எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் கேட்கிற அடியேதான் திருவொற்றியூரிலும் கேட்கும். அதனால் என் சத்தத்தை நானே பிடிக்கப் பழகினேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக் உண்டு. தகரத்திலோ மரத்திலோ ஒட்டிவிட்டால் அதன் அதிர்வை அப்படியே வாங்கிக்கொள்ளும். படகுக்கு ஆணி அறைவது, மீன் பெட்டியை லாரியில் வீசுவது, கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைக் கோக்கும்போது இடித்துக்கொள்வது எல்லாம் இதற்குள் இருக்கிறது.

உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுத்தவர் எத்திராஜ் அண்ணன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கம்பெனியின் ஐஸ் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டினாற்போல் இரண்டு அறை. ஒன்றில் குளிர் மிஷின் ஓடாமல் போய் வருஷக்கணக்காகிவிட்டது. சுவர் முழுக்கத் தகரமும் தெர்மோகோலும். தெருச் சத்தம் உள்ளே வராது. சும்மாதானே கிடக்கிறது என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"இன்னா நைனா, மீனே இல்லாத ரூம்ல இன்னாத்த புடிச்சிகினு கீற?" என்று எட்டிப் பார்ப்பார்.

"சத்தம் புடிக்கிறேண்ணா."

"கெட்டுப்போவாதுல்ல? ஐஸு வோணும்னா கேளு, கூச்சப்படாத."

டீ வாங்கப் போனால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்கிவருவார். அப்படிப்பட்ட மனிதர்.

தடைக்காலத்தில் கம்பெனியில் ஆள் இருக்காது. மிச்சமிருந்த இறால் பெட்டிகளைப் பார்க்க அண்ணன் மட்டும் மத்தியானத்தில் வந்துபோவார். ஓடுகிற அறையின் கதவுக்கு உள்பக்கத்துப் பிடி உடைந்திருந்தது. சாத்திக்கொண்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதனால் யார் உள்ளே போனாலும் கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கல் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எனக்கும் அது தெரியும்.

அன்றைக்குக் கல் இருந்தது. கதவு திறந்து கிடந்தால் மிஷின் விடாமல் ஓடும். அந்த உறுமல் நடுச்சுவர் வழியாக என் மைக்கில் ஏறும். அண்ணன் டீக்குப் போயிருப்பார், கல்லை எடுக்க மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கல் நகர்ந்து கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று பிற்பாடு ஸ்டேஷனிலிருந்து வந்து எழுதினார்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

உறுமல் அடங்கியதும் ஹெட்போனை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஓர் அடி கேட்டது. உள்ளங்கையும் முட்டியும் மாறி மாறி விழுகிற மாதிரி. ஐஸ் விரிசல் விடுகிறது என்று நினைத்தேன். குளிர்ந்த தகரம் அப்படிச் சத்தம் போடும் மேடம், நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஐஸ் மூன்று அடி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது.

மைக் சுவரில்தான் ஒட்டியிருந்தது. பதிவு பட்டனை அமுக்கினேன்.

அந்த மாதிரி அடியை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. எவ்வளவு நன்றாக வாசிக்கிறவனும் அடுத்த அடிக்கென்று கையில் கொஞ்சம் பலத்தை மிச்சம் வைத்துக்கொள்வான். இதில் அந்தக் கணக்கே கிடையாது. ஒவ்வொன்றும் இதுதான் கடைசி என்பதுபோல விழுந்தது. ஒரு சுற்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். அது முடிந்ததும், இன்னும் ஒன்று. கதவு தூரத்தில் இல்லை. ஸ்டூலைவிட்டு எழுந்து வெளியே வந்து திரும்பினால் கைக்கு எட்டும். திறந்தால் சத்தம் நின்றுவிடும். அதை மட்டும்தான் நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போகப் போக அடிகள் தள்ளித் தள்ளி விழுந்தன. ஒன்று பலமாக விழும், அடுத்தது சுவரைத் தடவுகிற மாதிரி இருக்கும். பாட்டுக்கு அது உதவாது. இந்தப் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறது. முன்னே பின்னே விழுந்த அடியைப் பக்கத்து இடத்துக்கு இழுத்து நேராக நிறுத்திவிடும், பலத்தையும் ஒரே அளவாக்கிவிடும். முதலில் விழுந்ததில் நல்ல அடிகளாகப் பார்த்து வெட்டி எடுத்து, பதினாறு இடத்திலும் பரப்பி ஓடவிட்டேன். களைப்பே இல்லாத தாளமாக வந்தது. சுவரில் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது மேடம். என் காதில் இது ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது அண்ணனின் சம்சாரம் முத்தம்மா அக்கா வந்து நின்றார்கள்.

"பாரி, உங்கண்ணன் எங்கப்பா? போனு நாற்காலி மேலயே கீது, ஆளக் காணோம்."

"தெரிலக்கா. வெளில போயிருப்பாரு."

பக்கத்துக் கதவைத் திறந்தது அவர்கள்தான்.

அந்தத் தாளத்தை அழித்திருக்கலாம். கல்யாண ஊர்வலப் பாட்டு ஒன்றுக்குக் கொடுத்தேன். இப்போது தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் அதைப் போடாத ஊர்வலம் இல்லை. தப்ரேஸ் தன் கடைக்குள்ளேயே என்னைக் கட்டிப்பிடித்தான்.

"இன்னா அடி மாமு. எங்க சுட்ட?"

"ஐஸ் ரூம்ல."

"அதான் சில்லுனு கீது."

அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதைச் சொல்லும்போதுதான் இப்போது உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

நேற்று அண்ணனுக்கு வருஷ தெவசம். அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். படையல் முடிந்ததும், "அவருக்கு ஒரு பாட்டு போடுப்பா, உன் பாட்டுன்னா அந்தாளுக்கு உசுரு" என்றார்கள். வீட்டுப் பிள்ளைகள் ஊர்வலப் பாட்டைத்தான் கேட்டார்கள். வேறு போடுகிறேன் என்றேன், விடவில்லை. போட்டேன். பிள்ளைகள் ஆடினார்கள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா தன்னை அறியாமல் உள்ளங்கையால் தரையில் அந்த அடியையே அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காத. பக்கத்துலதான இருந்த. அவரு கூவலியா? யாரையும் கூப்புடலியா?"

"காதுல மாட்டிகினு இருந்தேங்கா. ஒண்ணுமே கேக்கல."

"அப்ப சட்டுனு போயிருப்பாரு. கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு." அப்படிச் சொல்லி, எனக்கு ஆறுதலாக என் தலையைத் தடவினார்கள். கேட்டது அவர்கள். ஆறுதல் வாங்கிக்கொண்டது நான். அதைத் தாங்க முடியாமல்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

வெட்டாத பதிவு முழுசாக இதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே அமுக்கினால் ஓடும். நான் வெளியே போனதும் கேளுங்கள். அடிகளுக்கு நடுவில் ஒரு குரல் வரும். தாளம் போடும்போது அதை எடுத்துவிட்டேன். மறைக்க வேண்டும் என்று எடுக்கவில்லை மேடம். மறைக்க எதுவும் இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை. "பாரி, பாரி" என்று கூப்பிட்டார். அது தாளத்தில் உட்காரவில்லை.